திரும்பாத அம்பு

பெரியக்கா ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக்காலில் நின்றாவது முடிப்பாள் என்பது இந்தக் குடும்பத்தின் கதையை வாராவாரம் கேட்க உட்காருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்கள் பின்வாங்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். குகை மாதிரியான அந்தக் காந்த இயந்திரத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, "அசையாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று மைக்கில் சொல்கிற குரல் அவளுடையது. அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று அவர்களும் யோசித்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

உள்ளே போய் வெளியே வருகிறவர்கள் இத்தனை வருஷமாக அவளிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது? "படம் எடுக்குது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துப்போனது. உடம்பில் இருக்கிற தண்ணீருக்குள் கோடானுகோடி அணுக்கருக்கள் காந்தத்துக்குக் கட்டுப்பட்டு ஏதோ செய்கின்றன, அதற்கு ஸ்பின் என்று பெயர், அது குவாண்டம் சமாச்சாரம் என்கிற வரையில் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாததோடு குடித்தனம் நடத்துகிற சுபாவம் அவளுக்கு இல்லை. குவாண்டம் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள், மூன்றாவது அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். கணக்கு போதவில்லை. உடனே கல்லூரியின் மாலை வகுப்பில் சேரப்போவதாகச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்துவிட்டாள்.

வெளியாட்களுக்கு ஒரு பருவத்தில் இரண்டு பாடம்தான் தருவார்கள். எந்த இரண்டு?

வீட்டிலேயே கணக்கு டீச்சர் இருக்கும்போது வெளியில் யாரைக் கேட்பது? அவள் மகள் அதே கல்லூரியில்தான் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். இருபத்தேழு வயதாகியும், தன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் இருந்தும், வீட்டில் அவள் பெயர் பொடிசு. "ரியல் அனாலிசிஸ்தான் எல்லாத்துக்கும் அடிப்படைம்மா" என்றாள் பொடிசு, தட்டைப் பார்த்துக்கொண்டே. பெரியக்கா அதையும், தானாகத் தேர்ந்துகொண்ட டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸையும் பதிந்துவிட்டு வந்தாள்.

பொடிசு ஏன் தட்டைப் பார்த்தாள் என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. பெரியக்காவுக்குத்தான் தெரியாது. இந்தப் பருவத்திலிருந்து மாலை வகுப்பில் லீனியர் அல்ஜீப்ரா எடுக்கப்போவது பொடிசுதான். அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

பதிந்த பாடத்தை மாற்றிக்கொள்ள இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

காலையில் பெரியக்கா செருப்பை மாட்டும்போது அவள் கணவர் கையில் காபித் தம்ளரோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்புதான். எந்த லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், மனைவியின் முகத்தைப் பார்த்தால் மட்டும் வார்த்தை வராமல் தவிப்பார்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?"

"நல்லதுதான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்கன்னா சாயங்காலம் சொல்லுங்க. எனக்கு முதல் பேஷன்ட் வந்திருப்பாங்க" என்று கிளம்பிவிட்டாள் அவள். அவர் காபியை ஒரே மடக்கில் குடித்தார். தப்பித்தோம் என்ற நிம்மதி அந்த மடக்கில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று பேஷன்ட் கூட்டம் குறைவு. வருஷத்துக்கு ஒருமுறை இயந்திரத்தைச் சோதிக்க வருகிற பௌதிக நிபுணர் வந்திருந்தார். மெலிந்த, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் செருகியிருக்கிற ஆசாமி. அந்த ஸ்பேனரைக் கதவுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று பெரியக்கா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள், ஒவ்வொரு வருஷமும் அவர் மறப்பார். காந்தம் இருக்கிற அறையில் முதலில் இரும்பைக் கழற்று, அப்புறம் கதவைத் திற என்பது சட்டம். வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பறந்துபோய் யார் மண்டையிலாவது உட்காரும்.

அவர் தண்ணீர் நிரப்பிய ஒரு உருண்டையை இயந்திரத்துக்குள் வைத்து, அதைப் படம் பிடித்து, படம் வட்டமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரியக்காவின் மேஜையில் குவாண்டம் புத்தகம் கிடந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு பஞ்சுத் துண்டு வைத்திருந்தாள்.

அவர் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். யார் படிக்கிறார்கள் என்று கேட்டார். தான்தான் என்றாள். எதில் நிற்கிறது என்று கேட்டார். ஸ்பின்னில் நிற்கிறது, எண்களைக் கட்டம் கட்டமாக எழுதிப் பெருக்குகிறார்கள், ஏன் பெருக்குகிறார்கள் என்று புரியவில்லை, அதனால் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று பெரியக்கா பெருமையாகவே சொன்னாள்.

"என்ன பாடம் எடுத்திருக்கீங்க?"

"டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்."

"சரி. அதை விடாதீங்க."

"அப்புறம் ரியல் அனாலிசிஸ்."

அவர் உருண்டையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அனாலிசிஸ் நல்ல பாடம்தான். ஆனா அது வீடு கட்டி முடிச்சவங்க, அஸ்திவாரம் சரியா இருக்கான்னு கீழ இறங்கிப் பார்க்கிற வேலை. நீங்க இன்னும் குடியே போகலையே. ஸ்பின் புரியணும்னா முதல்ல லீனியர் அல்ஜீப்ரா. முன்னுரையிலயே போட்டிருக்குமே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. இங்கே பெரியக்காவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் வாழ்நாளில் படித்த பெரிய புத்தகங்கள் எல்லாம் இயந்திரத்தின் கையேடுகள். கையேட்டில் யாரும் முன்னுரை படிப்பதில்லை. திரையில் என்ன கோளாறு வருகிறதோ, அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள், சரி செய்வார்கள், மூடுவார்கள். குவாண்டம் புத்தகத்தையும் அவள் அப்படித்தான் திறந்தாள். தன் கோளாறு ஸ்பின், ஸ்பின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது, ஆகவே மூன்றாம் அத்தியாயம்.

இப்போது முன்னுரையைத் திறந்தாள். இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. படிப்பவருக்கு லீனியர் அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டும், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் ஓரளவு பழகியிருந்தால் நல்லது, மற்ற கணிதத்தைப் போகப்போகத் தேடிக்கொள்ளலாம். அனாலிசிஸ் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

பெரியக்காவின் காது சூடானது. நிபுணர் மீது கோபமில்லை, புத்தகத்தின் மீதும் இல்லை. இது பொடிசுக்குத் தெரியாமல் இருக்குமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே. தெரிந்தே மாற்றிச் சொல்லியிருக்கிறாள். ஏன்? அம்மாவின் மண்டையில் இது ஏறாது என்று நினைத்துவிட்டாளா? சுற்றி விட்டால் ஒரு பருவத்தில் களைத்து வீட்டில் உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாளா? அந்த நினைப்பு அவளுக்கு வலித்தது. ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். பெற்ற பெண் அப்படி நினைப்பது வேறு.

அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை பெரியக்கா. கடைசி பேஷன்ட்டை முடித்து, நிபுணரின் ஸ்பேனரை ஞாபகமாக அவர் கையில் கொடுத்து, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் பஸ் ஏறினாள்.

அதே நேரத்தில் கல்லூரியின் இரண்டாவது மாடியில் பொடிசு முதல் வகுப்புக்கான குறிப்புகளை எட்டாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் மாதம் முழுக்கத் துறைத்தலைவர் கடைசி வரிசையில் வந்து உட்காருவார், அவர் தலையசைத்தால்தான் வேலை நிலைக்கும். அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் அம்மாவும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவள் குறிப்புகளை முதலிலிருந்து திருத்த ஆரம்பித்துவிடுவாள்.

காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில் பொடிசு ஒரு பெரிய அரங்கத்தில், பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால், கரும்பலகையில் ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பொடிசு, மைனஸை விட்டுட்டே." அரங்கமே சிரித்தது. அடுத்த ஒரு வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பெயர் மைனஸ் பொடிசு. இதில் மிகவும் மோசமான விஷயம் எதுவென்றால், அம்மா சொன்னது சரி. மைனஸை உண்மையிலேயே விட்டிருந்தாள்.

ஆனாலும் பொடிசு பொய் சொல்லவில்லை. கணிதக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது. ரியல் அனாலிசிஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பது சத்தியமான வாக்கியம். முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று அம்மா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு வாரமாக அவளைத் தட்டை விட்டு நிமிர விடவில்லை.

கீழே பதிவு ஜன்னலில் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். அனாலிசிஸை எடுத்துவிட்டு லீனியர் அல்ஜீப்ரா போடலாம், இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய பாடத்தை இவர் இந்தக் கல்லூரியில் படிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை டீச்சரே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை விட்டால் அந்தப் பாடம் அடுத்த வருஷம்தான்.

"டீச்சர் எங்க இருப்பாங்க?" என்றாள் பெரியக்கா.

"ரெண்டாவது மாடி, கடைசி ரூம். புது மேடம். கொஞ்சம் கறார்" என்று குமாஸ்தா எச்சரித்தார்.

கறாரான ஆட்களைப் பெரியக்காவுக்குப் பிடிக்கும். படியேறிப் போனாள். கடைசி அறையின் கதவில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். ஒரு வாரமாகப் பொடிசு ஏன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பது இப்போது விளங்கியது.

பிறகு கதவைத் தட்டினாள். "உள்ள வரலாமா மேடம்?"

பொடிசு நிமிர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பெரியக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குமாஸ்தா கொடுத்த தாளை மேஜையில் வைத்தாள்.

"நீ பொய் சொல்லலை. அதான் எனக்குக் கோவம்" என்றாள் பெரியக்கா. "பொய் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். நிஜத்தை வச்சே என்னைத் திசை திருப்பியிருக்கே. என்னால முடியாதுன்னு நினைச்சியா?"

"இல்லம்மா." பொடிசின் குரல் இறங்கிவிட்டது. "உன்னால முடியும்னுதான் பயம். நான் போர்டுல ஒண்ணு தப்பா எழுதினா, துறைத்தலைவர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீ கண்டுபிடிச்சுடுவே. கண்டுபிடிச்சா உன்னால சும்மா இருக்க முடியாது. பொடிசுன்னு வேற கூப்பிடுவே."

பெரியக்காவுக்கு அரங்கம் ஞாபகம் வந்தது. அதை அவள் ஒரு வேடிக்கையாகத்தான் இத்தனை நாள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்திருந்தாள். மகள் அப்போதெல்லாம் கூடச் சிரித்ததில்லை என்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது. வருத்தமாக இருந்தது. ஆனாலும் தாளை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"எல்லாரையும் ஒரு கேள்வி கேப்பியாமே. என்னையும் கேளு. பாஸானா கையெழுத்துப் போடு. ஃபெயிலானா நான் அனாலிசிஸே படிச்சுட்டுப் போறேன்."

பொடிசு மணியைப் பார்த்தாள். ஐந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடினமான கேள்வியாகக் கேட்டால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வராமல் இல்லை. எழுந்து போய்ப் பலகையில் நான்கு எண்களைக் கட்டமாக எழுதினாள். மேலே இரண்டு, ஒன்று. கீழே ஒன்று, இரண்டு. முந்தைய பாடத்தைப் படிக்காமல் வருகிற எல்லோருக்கும் அவள் எழுதி வைத்திருந்த அதே கேள்விதான்.

"இந்த மேட்ரிக்ஸ் ஒரு அம்பை இன்னொரு அம்பா மாத்தும். பெருக்கத் தெரியும்ல?"

"பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். மறக்கலை."

"பெரும்பாலான அம்பு திசை திரும்பிடும். திரும்பாத அம்பு இருக்கான்னு கண்டுபிடி."

பெரியக்கா சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். முதலில் படுக்கை அம்பைப் போட்டுப் பெருக்கினாள். மேலே சாய்ந்துவிட்டது. நிற்கிற அம்பைப் போட்டாள். பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சரி, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று ஒன்று, ஒன்று என எழுதிப் பெருக்கினாள். மூன்று, மூன்று என்று வந்தது.

"இது திரும்பலை. மூணு மடங்கு நீண்டிருக்கு, ஆனா பார்க்கிற திசை மாறலை" என்றாள். அவள் குரலில் ஸ்கேன் சரியாக விழுகிற நாளின் சந்தோஷம் இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் பொடிசு.

பெரியக்கா யோசித்தாள். மேல்நோக்கிச் சாய்ந்தது ஒன்று என்றால் கீழ்நோக்கிச் சாய்ந்ததையும் பார்த்துவிடலாம். ஒன்று, மைனஸ் ஒன்று என்று எழுதினாள். மேல் வரிசையைப் பெருக்கினாள், ஒன்று. கீழ் வரிசையைப் பெருக்கினாள், ஒன்று என்று எழுதினாள். "இது திரும்பிடுச்சே. கீழ பார்த்தது மேல பார்க்குது" என்று அழிக்கப்போனாள்.

"அம்மா, மைனஸை விட்டுட்டே."

சொல்லி முடித்த பிறகுதான் பொடிசுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடக்கிப் பார்க்க நினைப்பதற்குள் வாய் முந்திவிட்டது. அன்றைக்கு அரங்கத்தில் அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவமானப்படுத்த வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. கண்ணில் பட்டது, வாயில் வந்துவிட்டது.

பெரியக்கா சாக்பீஸோடு திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் சிரித்தார்கள். பொடிசுக்குச் சிரிப்பின் நடுவில் கண் கலங்கியது.

"கூட்டத்துல சொன்னா நல்லா இருக்காது இல்ல?" என்றாள் பெரியக்கா, சிரிப்பு அடங்கிய பிறகு.

"நல்லாவே இருக்காது."

"அப்ப அது என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன மைனஸைப் போட்டாள். ஒன்று, மைனஸ் ஒன்று. போட்ட அம்பு போட்டபடியே வந்திருந்தது. "இது அசையவே இல்லையே" என்றாள் வியப்போடு.

பொடிசுக்குள் இருந்த டீச்சர் இப்போது முழுசாக விழித்துக்கொண்டாள். "சரி. நீ ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சே. நாலு நம்பருக்குப் பதிலா நாலாயிரம் நம்பர் இருந்தா? போட்டுப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிப்பே?"

பெரியக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தாள். ஒரு எண்ணை எழுதப் போனவள் எழுதாமல் கையை இறக்கினாள்.

"எனக்குத் தெரியலை" என்றாள்.

இருபத்தேழு வருஷத்தில் அந்த வார்த்தையைப் பொடிசு அம்மாவின் வாயிலிருந்து கேட்டதில்லை. வழி தெரியாத தெருவில்கூட "எனக்குத் தெரியும், நேரா போ" என்கிற ஆள். எந்தக் கூச்சமும் இல்லாமல், தாகமாக இருக்கிறது என்று சொல்வது போல அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்காக மகள் முகத்தைப் பார்த்தாள்.

பொடிசு மேஜைக்கு வந்து தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"பாஸா?" என்றாள் பெரியக்கா நம்பாமல். "கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லலையே."

"அந்தப் பதில்தான் வேணும். தெரியும்னு சொல்றவங்களுக்குப் பாடம் எடுக்கிறதுதான் கஷ்டம். கிளாஸ்ல என்னைப் பொடிசுன்னு கூப்பிடக் கூடாது."

"சரிங்க மேடம்."

"தப்பு கண்டுபிடிச்சா கையைத் தூக்கணும். கத்தக் கூடாது."

"சரிங்க மேடம். அந்த நாலாயிரம் நம்பருக்கு எப்படின்னு மட்டும் இப்பவே சொல்லிடேன்."

"முதல் கிளாஸுக்கு வா" என்று பொடிசு அவளைத் துரத்திவிட்டாள். குமாஸ்தா ஜன்னலை மூடப்போகிற நேரத்தில் தாள் போய்ச் சேர்ந்தது. கறார் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று அவர் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

அம்மாவும் மகளும் ஒன்றாகவே வீட்டுக்கு வந்தார்கள். வழி முழுக்கப் பெரியக்கா பஸ் ஜன்னலில் ஆவி ஊதி விரலால் அம்பு வரைந்துகொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் லிஃப்ட்காரர் சமைத்து வைத்திருந்தார். அவர் சமைத்திருந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, காலையில் விழுங்கிய விஷயத்தை வெளியே எடுத்தார்.

ஸ்கேன் பிரிவின் தலைமைப் பதவி காலியாக இருப்பதும், அதைப் பெரியக்காவுக்குத் தரலாமா என்று தலைமை டாக்டர் யோசிப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நேற்று இவர் லிஃப்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தலைமை டாக்டர் உள்ளே ஏறினாராம். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டாராம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அவளுக்கு ரொம்ப சந்தோஷம், ஒத்துக்குவா" என்று சொல்லிவிட்டாராம். தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நல்ல விஷயம்தானே?" என்றார். பிறகு, மெதுவாக, "தலைமைன்னா சாயங்கால ஷிஃப்ட்டாம். வர்ற திங்கள்லேருந்து. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல போன் பண்றேன்னார்" என்று சேர்த்துக்கொண்டார்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும், சாயங்காலம் ஆறு மணிக்கு.

பெரியக்கா கோபத்தில் கத்தவில்லை. பதவி அவளுக்கும் பிடிக்காததில்லை. எத்தனையோ வருஷம் அதற்காக உழைத்திருக்கிறாள். கணவர் ஆசையில்தான் சொல்லியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. ஆனால் பையிலிருந்த புத்தகம் கண்ணுக்குத் தெரிந்தது, பலகையில் அசையாமல் நின்ற அந்த அம்பும் தெரிந்தது.

பொடிசு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று காலையில் இந்தச் செய்தி வந்திருந்தால் அவள் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போதும் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டால் போதும். மூன்றாவது வரிசை காலியாகிவிடும். துறைத்தலைவர் நிம்மதியாகத் தலையசைப்பார். மைனஸை எத்தனை தடவை விட்டாலும் கேட்க ஆளிருக்காது.

அம்மாவின் போன் மேஜையில் அதிர ஆரம்பித்தது. திரையில் தலைமை டாக்டர் என்று இருந்தது. லிஃப்ட்காரர் கையை நீட்டினார். பெரியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

இருவருக்கும் முன்னால் பொடிசு போனை எடுத்துவிட்டாள்.

"வணக்கம் டாக்டர்" என்றாள். "நான் அவங்க கணக்கு டீச்சர் பேசறேன்."